நான்காம் பைக்குள் இருந்த ஒயின்

ஒயின் கடைக்காரம்மா துப்பறிவாளரின் வீட்டுக்குள் வந்தபோது அவருடைய இரண்டு கைகளிலும் இரண்டு பாட்டில்கள் இருந்தன.

"வணக்கம்கூடச் சொல்ல முடியலைங்க, கை ரெண்டும் மாட்டிக்கிச்சு," என்றபடி இரண்டையும் மேசைமேல் வைத்தார். "இதுல ஒண்ணு காலி, ஒண்ணு முழுசு. காலியில இருந்தது தேவாமிர்தம். முழுசா இருக்கிறத வாயில வைக்க முடியல. ஆனா ரெண்டும் ஒரே ஒயின். இதுக்கு என்ன சொல்றீங்க?"

துப்பறிவாளர் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எதற்கும் அவசரப்பட்டதே இல்லை. அதனால்தான் தெருவில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்று அழைத்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது. ஒயின் என்றதும் துள்ளி எழுந்தது அவருடைய மச்சினன்தான். வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா வீட்டில் வந்து தங்கியவன். தலை நரைக்கத் தொடங்கியும் தேடிக்கொண்டிருந்தான்.

"அத்தான், இந்தக் கேஸை நாம எடுத்துக்கிறோம்," என்றான்.

"முதல்ல கேஸ் என்னன்னு கேட்போம்டா மச்சான்," என்றார் நிதானம்.

கேஸ் இதுதான். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு ஒரு கட்டுமான நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு ஒயின் பாட்டில் பரிசளிக்க நினைத்தது. விலை கையைக் கடிக்கக் கூடாது; அதே சமயம் வாங்குகிறவர்கள் 'சும்மா வந்ததுதானே' என்று உதட்டைப் பிதுக்கவும் கூடாது. அப்படிப்பட்ட ஒயினைப் பொறுக்கித் தருவதில் கடைக்காரம்மாவை மிஞ்ச ஆளில்லை. அவருடைய முறை எளிது. பாட்டில்களைத் திறந்து, பழைய குடைத்துணியில் தைத்த கறுப்புப் பைகளுக்குள் கழுத்து மட்டும் தெரியும்படி நுழைத்து, எண் கட்டி, வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுப்பார். பெயரும் தெரியாது, விலையும் தெரியாது.

"விலையப் பார்த்துட்டா நாக்குக்கு நேர்மை போயிடுங்க," என்றார் கடைக்காரம்மா. "ஞாயித்துக்கிழமை அஞ்சு பை வெச்சோம். நாலாவது பைதான்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. பிரிச்சுப் பார்த்தா, அஞ்சுலயும் மலிவானது அதுதான். இந்த வருஷம் என் பொண்ணைக் கட்டுன மாப்பிள்ளை தேடிப் புடிச்சது. எனக்கு ஒரே பெருமை. அப்போ கையில இருந்தது மாதிரிக்குன்னு வந்த ஒரே ஒரு பாட்டில்தான். நேத்து பெட்டி பெட்டியா வந்து இறங்குச்சு. இன்னிக்குக் காலைல என் தம்பி கிடங்குலேருந்து ஒண்ணை எடுத்துத் திறந்தான். நாக்கைப் புடிச்சுச் சுரண்டுது! இன்னொண்ணு திறந்தோம், அதுவும் அப்படியே."

"தம்பி என்ன சொல்றார்?"

"மாப்பிள்ளை எங்கேயோ விலை ஒசந்த ஒயினை வாங்கி அந்த பாட்டில்ல ஊத்தி வெச்சுட்டார்ங்கிறான். பாட்டிலைத் திறந்தது, பையில போட்டது, எண் கட்டுனது எல்லாம் மாப்பிள்ளை பொறுப்பு. கேட்டா 'இல்லைங்க அத்தை'ங்கிறார். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறார்." கடைக்காரம்மாவின் குரல் இறங்கியது. "சாயங்காலத்துக்குள்ள நிறுவனத்துக்குப் பதில் சொல்லணும். அது போனாப் போகுதுங்க. மாப்பிள்ளை பொய்யரா இல்லையா, அது எனக்குத் தெரிஞ்சாகணும். பொய்யர்னா என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? இல்லேன்னா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

நிதானம் இரண்டு பாட்டில்களையும் கையில் எடுத்து, கழுத்தின் கீழே அச்சடித்திருந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண்தான்.

"ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே தொட்டியிலேருந்து அடைச்சது. கடைக்குப் போகலாம் வாங்க," என்றார்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு கதவு. தரையிலிருந்து கூரைவரை பாட்டில்கள் படுத்திருந்தன. மச்சினன் கண்ணைச் சிமிட்டவே மறந்துவிட்டான். கடைக்காரம்மாவின் தம்பி கல்லாவின் பக்கத்தில் கைகட்டி நின்றார். மாப்பிள்ளை ஒரு மூலையில் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாக் கோப்பைகளும் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

"சாட்சியே இருக்குங்க," என்று தம்பி ஒரு தட்டை நீட்டினார். "சோதனை பண்ற பாட்டிலோட தக்கையெல்லாம் இந்தத் தட்டுலதான் போடுவோம். தக்கை கெட்டிருந்தா மோந்து பார்த்தே கண்டுபுடிக்கலாம். அஞ்சு பாட்டில், நாலு தக்கை! நாலாம் பையோட தக்கை எங்கே? முன்னாடியே திறந்து உள்ள மாத்தியிருக்கார். வெளியாளு வெளியாளுதான்."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. ஆனாலும் அவன் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தான்.

"அத்தான், தக்கை இல்ல. முடிஞ்சுது கதை," என்று மச்சினன் காதில் கிசுகிசுத்தான்.

"இன்னும் டீகூட வரலையேடா," என்றார் நிதானம்.

டீ வந்தது. கொண்டுவந்தவர் கடைக்காரம்மாவின் கணவர். வாட்டசாட்டமான ஆள், பூனைபோல நடந்து வந்தார்.

"பாருங்க அதிசயத்தை," என்றார் கடைக்காரம்மா. "ஞாயித்துக்கிழமையிலேருந்து இவரேதான் டீ போடுறார், பாத்திரமும் இவரே கழுவுறார். என்னை அடுப்படிப் பக்கமே விடுறதில்ல. கல்யாணமான நாள்லேருந்து காணாத கரிசனம்!"

"உனக்குக் கடையில வேலை அதிகமாச்சே," என்றார் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே.

"அதான் போன வருஷம் நீங்க பாட்டில் திறந்த லட்சணத்தைப் பார்த்து ஊரே சிரிச்சப்பவே, பாட்டில் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டேனே. அப்போதான் எனக்கு வேலை பாதியாச்சு!"

தம்பி சிரித்துவிட்டார். நிதானம் டீயைக் குனிந்து பார்த்தார். மேலே பழுப்பாக ஒரு துகள் மிதந்தது. கரண்டியால் அதை அமுக்கினார். உள்ளே போனது, திரும்ப மேலே வந்தது. இன்னொரு முறை அமுக்கினார், மறுபடியும் வந்தது. அதை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துவிட்டு டீயை ருசித்துக் குடித்தார். பிறகு, "கோப்பையை நானே வெச்சுட்டு வர்றேன்," என்று அடுப்படிக்குள் போனார். கணவர் தடுக்க நினைத்து ஓரடி எடுத்து வைத்து நின்றுகொண்டார்.

திரும்பி வந்ததும் நிதானம் மச்சினனைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். மச்சினன் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "குடிக்கக் கூடாதா? ஒரு வாய்கூடவா?" என்று கேட்டுவிட்டுக் கிடங்குப் பக்கம் போனான்.

"எனக்கு ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்று நிதானம் நாற்காலியில் சாய்ந்தார். "பரிசுக்கு நல்லதா, மலிவா எப்படிப் பொறுக்குறதுன்னு நிதானமாச் சொல்லுங்க."

தம்பிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் ஒயினைப் பற்றிப் பேசச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. கடைக்காரம்மா தொடங்கினார்; பண்டிகை மேசையில் பத்துப் பேர் பத்து விதமாகச் சாப்பிடுவார்கள், எல்லோருக்கும் ஒத்துப்போகிற ஒயின்தான் பரிசுக்கு ஏற்றது என்றார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் தன்னை மறந்து பேசத் தொடங்கினான்.

"இந்த பாட்டிலைத் தூக்கிப் பாருங்க சார். என்னா கனம்! அது கண்ணாடிக்குக் கொடுக்கிற காசு, உள்ள இருக்கிறதுக்கு இல்ல. நான் எடுத்தது ஒரு மலைச்சரிவுத் தோட்டத்து ஒயின். அந்த இடத்துக்கு இன்னும் பேர் வரல. பேர் வந்துட்டா இந்த விலைக்குக் கிடைக்காது."

"அதோ அந்தப் பெரிய குடுவை எதுக்கு?" என்று நிதானம் அலமாரி உச்சியைக் காட்டினார்.

"அது ஒசந்த ஒயினுக்குங்க," என்றார் தம்பி. "நல்ல சிவப்பு ஒயினை அதுல ஊத்திக் காத்து வாங்க விடுவோம். கரகரப்பு போய் பூ மாதிரி மலரும்."

"மலிவான ஒயினையும் ஊத்துவீங்களா?"

"அதுக்கெல்லாம் யாருங்க குடுவை எடுக்கிறது!"

பேச்சு ஓடியது. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். மச்சினன் இரண்டு தடவை அடுப்படிக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது, "நிறுவனத்துலேருந்து போன் வரப்போகுதுங்க," என்று கடைக்காரம்மா கையைப் பிசைந்தார்.

நிதானம் எழுந்து எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னார். மச்சினன் கறுப்புப் பையிட்ட இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து ஊற்றினான். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கோப்பைகள்.

தம்பி முதல் கோப்பையைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "இது கிடங்குல இருக்கிற கண்றாவி." இரண்டாவதைக் குடித்தார். கண் விரிந்தது. "இதுதான்! ஞாயித்துக்கிழமை ஒயின் இதேதான்! எங்கே கிடைச்சுது? மாப்பிள்ளை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தாரு?"

"உங்க அக்காவும் சொல்லட்டும்," என்றார் நிதானம்.

கடைக்காரம்மா இரண்டாவது கோப்பையை மூக்கருகே வைத்து, ஒரு வாய் குடித்து, மெல்லத் தலையாட்டினார். "சந்தேகமே இல்ல. இதேதான்."

நிதானம் இரண்டு பைகளையும் உருவினார். இரண்டு பாட்டில்களும் ஒன்றுபோல இருந்தன. "ரெண்டும் உங்க கிடங்குல, ஒரே பெட்டியிலேருந்து என் மச்சான் எடுத்தது. ஒண்ணை இப்பத்தான் கிடங்குக் குளிர்லேருந்து எடுத்துத் திறந்தான். இன்னொண்ணை நாம பேச உட்கார்ந்தப்பவே திறந்து, அடுப்பு பக்கத்துல ஒரு தண்ணி ஜாடியில ஊத்தி வெச்சு, இப்போ திரும்ப பாட்டில்ல ஊத்தினான். மாத்துனது யாருமில்ல. காத்தும் வெதுவெதுப்பும்தான்."

தம்பி இரண்டு பாட்டில்களின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையும் அதேதான் நடந்துது," என்று நிதானம் தொடர்ந்தார். "என் டீயில ஒரு துகள் மிதந்துது. ஊறின டீத்தூள் அடியில போயிடும். அமுக்க அமுக்க மேல வர்றது தக்கைதான். தக்கை டீ வடிகட்டியில எப்படி வந்துது? யாரோ ஒயினை அதுல வடிகட்டியிருக்காங்க. அடுப்படியில போய்ப் பார்த்தா வடிகட்டி விளிம்பு ஊதா நிறம். ஜாடிக்குள்ளயும் ஊதாவா ஒரு வளையம். ஏமாத்த நினைக்கிறவன் தக்கையை அழகா எடுத்து இந்தத் தட்டுல போட்டிருப்பான். தட்டுல தக்கை இல்லேன்னா, அது முழுசா வெளிய வரல, நொறுங்கிப் போச்சுன்னு அர்த்தம். நொறுங்கினதை மறைச்சவர் ஏமாத்துக்காரர் இல்ல. வீட்டுல கிண்டலுக்குப் பயந்தவர்."

எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. கணவர் தலையைச் சொறிந்தார்.

"மாப்பிள்ளை கோப்பை எடுக்க உள்ள போனாரு. ஒண்ணே ஒண்ணை நான் திறந்து பார்ப்போமேன்னு கை அரிச்சுது. பாதித் தக்கை உடைஞ்சு உள்ள போயிடுச்சு. இருந்ததே அந்த ஒரு பாட்டில். வடிகட்டி ஜாடியில வெச்சுட்டு, பொடிசா இருக்கிற தூள் அடங்கட்டும்னு காத்திருந்தேன். வாடிக்கையாளர்ங்க வர்ற நேரத்துக்கு பாட்டிலைக் கழுவித் திரும்ப ஊத்திட்டேன். போன வருஷம் மாதிரி ஊரே சிரிக்குமேன்னு மாப்பிள்ளைகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். வடிகட்டுனா ருசி மாறும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்களுக்குத் தெரியலைன்னா சரி," என்று கடைக்காரம்மா பொரிந்தார். "அலமாரி உச்சியில குடுவை வெச்சிருக்கிற எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"உங்களுக்குத் தெரியும்மா," என்றார் நிதானம். "ஆனா அந்த மரியாதை விலை ஒசந்ததுக்கு மட்டும்தான். பையைப் போட்டு விலையை மறைச்சீங்க. பையைக் கழட்டினதும் மலிவுதானேன்னு குளிரக் குளிரத் திறந்து ஒரு வாய் குடிச்சுட்டுத் தீர்ப்பு சொல்லிட்டீங்க. பாட்டில் கழுத்துல ஒரு அட்டை கட்டி அனுப்புங்க. விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே திறந்து ஜாடியில ஊத்தி வைக்கணும்னு எழுதுங்க. போதும்."

கடைக்காரம்மா மருமகனிடம் திரும்பினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் மாப்பிள்ளை, என் தம்பி உங்களை அவ்வளவு பேசினானே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"மாமா பேரைச் சொன்னா என் மேல இருக்கிற பழி அவர் மேல போகுமேன்னு பயந்தேன் அத்தை," என்றான் மாப்பிள்ளை. "நான் புதுசு. என்னை நாலு வார்த்தை சொன்னாப் பரவாயில்ல. இது அவர் வீடு."

தொலைபேசி மணி அடித்தது. கடைக்காரம்மா எடுக்கப் போனார். தம்பி அவரைக் கையமர்த்திவிட்டுத் தானே எடுத்தார்.

"ஆமாங்க, அதே ஒயின்தான். உறுதியா. ஒரு குறையும் இல்ல, நானே குடிச்சுப் பார்த்துட்டேன்." தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாரு பொறுக்கினதா? எங்க வீட்டுப் பிள்ளைதாங்க. இனிமே இந்தக் கடைக்கு ஒயின் பொறுக்கப்போறது அவர்தான். நீங்க நேரா அவர்கிட்டயே பேசுங்க."

தொலைபேசியை நீட்டினார். மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமனார் அவன் தோளில் கைபோட்டு, "பேசுங்க மாப்பிள்ளை, அவங்க காத்திருக்காங்க," என்றார்.