கிண்ணத்தில் இல்லாத எண்ணெய்

பெல்மதுளைச் சந்தியிலிருந்து கஹவத்தைப் பக்கம் திரும்பும் இடத்தில் கிருஷ்ணகுமாரியின் பழுதுபார்க்கும் கடை இருந்தது. பவாஸ் தன் முச்சக்கரவண்டியை அதன் முன்னால்தான் நிறுத்துவார். ஐம்பது வயதாகியும் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாத மனிதர். அந்த வியாழக்கிழமை காலை மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வலது கையில் முழங்கைவரை கட்டுப்போட்ட ஒரு பெண், பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஓடிப்போய்க் குடை பிடித்து அவளை உள்ளே அழைத்து வந்தார்.

அவள் பெயர் சுப்பம்மா. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில், வரும் வெளிநாட்டு விருந்தினருக்குச் சமைப்பவள். திங்கட்கிழமை மத்தியானம் அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹூட்டில் தீப்பிடித்தது. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் கிடந்து, புதன்கிழமை வீடு திரும்பியபோது ஒரு கடிதம் காத்திருந்தது. ஹூட்டின் பில்டரில் எண்ணெய் கட்டி நிற்க விட்டதே தீக்குக் காரணம், வேலை இல்லை, பங்களாவுக்குப் பின்னாலுள்ள அறையை மாத முடிவில் காலி செய்ய வேண்டும். இன்று இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து கம்பெனி அதிகாரி வந்து கையெழுத்து வைத்தால் முடிந்தது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் பில்டரக் கழட்டி சுடுதண்ணியில சோப்புப் போட்டு ஊற வச்சி, பிரஷ்ஷால தேய்ச்சிக் காய வச்சித்தான் மாட்டுவேன் புள்ள," என்றாள் சுப்பம்மா. "தோட்டத்து லயத்துல குடியிருக்கிற எல்லாரும் நான் பங்களாவக் கொளுத்திட்டேன்னு பேசுறாங்க. கடைக்குப் போகக்கூட முடியல."

கிருஷ்ணகுமாரி பத்து வருடம் டோஹாவில் ஹோட்டல் சமையலறைகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்தவள். ஊர் திரும்பிக் கடை போட்ட பிறகு, எங்கே எது எரிந்தாலும் வெடித்தாலும் சனம் அவளைத் தேடி வந்தது. அவள் குரலை உயர்த்திப் பவாஸ் கேட்டதில்லை. இப்போதும் அவள் பில்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை எப்படிச் சுட்டது என்று மட்டும் கேட்டாள்.

மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது ஹூட்டின் பின்பக்கம் குபீரென்று பற்றியது என்றாள் சுப்பம்மா. சுவரிலிருந்த கேஸ் குழாயை மூட அடுப்புக்குப் பின்னால் கையை விட்டாள். மேலிருந்து நெருப்பு சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"துடைச்சீங்களா அக்கா?"

"துடைக்க வரல. மெழுகு மாதிரி ஒட்டிக்கிச்சு. நர்ஸ் மிஸ்தான் கறுப்புக் கறுப்பா உரிச்சு எடுத்தாங்க."

கிருஷ்ணகுமாரி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு டார்ச்சையும் ஒரு திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

வழி நெடுகப் பவாஸ் பேசிக்கொண்டே வந்தார். அவருக்குச் சந்தேகம் மனேஜர் மேல். அவ்வளவு அவசரமாகக் கடிதம் எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி. சுப்பம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. மனேஜர் கொழும்பில் இருந்தார். செவ்வாய் சாயங்காலம்தான் திரும்பினார். தீயை அணைத்து, மெயின் சுவிட்சை நிறுத்தி, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் பங்களாவின் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கும் அஜந்தன். மனேஜர் இல்லாதபோது பங்களாச் சாவியும் அவனிடம்தான் இருக்கும். அவன் இல்லாவிட்டால் தான் இல்லை என்றாள்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பவாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மனேஜர் தருமலிங்கம் பருத்தித்துறைக்காரர். சட்டை கசங்காத மனிதர். அவர்களை உள்ளே விட அவருக்கு மனமில்லை என்றாலும் தடுக்கவில்லை. அவருடைய மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு அலுமினிய வலை பில்டர் கிடந்தது. மஞ்சள் எண்ணெய் விரலளவு தடிப்பில் அதில் அப்பியிருந்தது. ஹூட்டிலிருந்து கழற்றியதென்று அஜந்தன் கொண்டுவந்து வைத்தது.

"உதைப் பாருங்கோ. ஆறு மாசமா உது தண்ணி கண்டிருக்காது," என்றார் தருமலிங்கம். "எனக்கு அவவிலை ஒரு கோபமும் இல்லை. ஆனா ஆக்கள் தங்கிற இடம். நாளைக்கு ஒரு உயிர் போனா ஆர் பொறுப்பு?"

பவாஸுக்கு முகம் விழுந்துவிட்டது. அந்தப் பில்டரைப் பார்த்த எவனும் சுப்பம்மாவை நம்பமாட்டான். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இது தன் பில்டர் இல்லை என்று அவள் முணுமுணுத்தாள்.

அஜந்தன் வந்தான். முப்பது வயதிருக்கும். வந்ததும் முதலில் சுப்பம்மாவின் கையைத்தான் விசாரித்தான். மாத்திரை நேரத்துக்குப் போடுகிறாளா என்று கேட்டான். பவாஸுக்கு அவனைப் பிடித்துவிட்டது. புகை போகும் பைப்பைப் பற்றிக் கிருஷ்ணகுமாரி கேட்டபோது, அது தகரப் பைப், பல வருடமாக இருக்கிறது, தீக்குப் பிறகும் தான் அதைத் தொடவேயில்லை என்றான்.

சமையலறையில் ஹூட்டின் பின்பக்கமும் சுவரும் கறுத்திருந்தன. முன்பக்கமும் அடிப்பக்கமும் எவர்சில்வர் பளபளப்போடு இருந்தன. கிருஷ்ணகுமாரி குனிந்து டார்ச்சை அடித்தாள். பில்டர் மாட்டும் இடத்தில் எத்தனை கொக்கி என்று பவாஸிடம் கேட்டாள். அவர் எண்ணினார். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, நடுவில் ஒரு சட்டம். பிறகு ஹூட்டின் கீழ்விளிம்பிலிருந்து, பில்டரிலிருந்து வடியும் எண்ணெய் சேரும், தீப்பெட்டி அளவுள்ள ஒரு கிண்ணத்தை அவள் மெல்ல உருவி எடுத்தாள். அதன் அடியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூட இல்லை. அவள் அதை ஜன்னலோரத்தில் பத்திரமாக வைத்தாள்.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஸ்டூலில் ஏறி, பின்பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்த மோட்டார் வயரை டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு பைப்புக்குள் விரலை விட்டாள். விரலைப் பவாஸுக்குக் காட்டினாள். விரல் சுத்தமாக இருந்தது.

"பவாஸ் நானா, வெளியில சுவர்ல பைப் முடியிற இடத்துல ஒரு தகட்டுக் கதவு இருக்கும். காத்து வெளியே போக மட்டும் திறக்கும். அங்க என்ன இருக்குன்னு பார்த்துட்டு வரமுடியுமா?"

பங்களாவின் அந்தப் பக்கம் சரிவு. தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில் அந்தக் கதவு இருந்தது. தோட்டக்காரரிடம் ஏணி வாங்கி, ஈரப் பாசியில் இரண்டு தடவை சறுக்கி, பவாஸ் ஒருவழியாக ஏறினார். மழை கண்ணில் அடித்தது. தகட்டுக் கதவு மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் பாதியில் நின்றது. அதன் விளிம்பில் கறுப்பாக ஏதோ உருகி வழிந்து இறுகியிருந்தது. அவர் பேனாக்கத்தியால் ஒரு துண்டைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏணியில் இறங்கத் தொடங்கினார். கையில் ஒட்டிய மெழுகு என்று காலையில் கேட்டது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒன்றரை மணிக்கு எல்லாரும் சமையலறையில் நின்றார்கள். கிருஷ்ணகுமாரி அழுக்குப் பில்டரை மேசையிலிருந்து எடுத்து வந்து ஹூட்டுக்குக் கீழே பிடித்தாள்.

"சேர், இந்த ஹூட்டுக்கு ரெண்டு சின்ன பில்டர். நடுவுல சட்டம் இருக்கு. இது ஒரே பெரிய பில்டர், மாட்டிப் பாருங்க."

தருமலிங்கம் மாட்டிப் பார்த்தார். அது சட்டத்தில் முட்டி நின்றது.

"அதோட, தீப்பிடிச்ச பில்டர்னா எண்ணெய் கருகிப் போயிருக்கணும். இது மஞ்சளா அப்படியே இருக்கு. இது நெருப்பையே பார்க்கல. இவ்வளவு எண்ணெய் கட்டியிருந்தா அது வடிஞ்சு இந்தக் கிண்ணத்துல சேர்ந்து வழிஞ்சிருக்கும். கிண்ணத்துல இருக்கிறது ரெண்டு நாள் சமையலோட எண்ணெய். சனிக்கிழமை கழுவினதுன்னு அக்கா சொன்னது சரி."

"அப்ப தீ எங்கையிருந்து வந்தது?"

"பின்னாலயிருந்து, பைப்புலயிருந்து. பல வருஷமா இருக்கிற பைப்புன்னா உள்ள பிசுக்கு இருக்கணும். தீ புகுந்த பைப்புன்னா கரி இருக்கணும். இதுல ரெண்டும் இல்ல. இது திங்கக்கிழமைக்குப் பிறகு மாட்டின புதுப் பைப். முன்னாடி இருந்தது பிளாஸ்டிக்." அவள் பவாஸைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த கறுப்புத் துண்டை எடுத்து ஜன்னலோரத்தில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "மடிப்பு மடிப்பா இருக்கிற ஹோஸ். மடிப்புல எண்ணெய் தேங்கும், சூட்டுல இளகித் தொங்கும். புகைய இழுக்கிற மோட்டாரோட வயர் மூட்டு மேல தொங்கியிருக்கு. அந்த மூட்டு கருகியிருக்கிறதைப் பாருங்க. எண்ணெய் கையைச் சுட்டா வழிஞ்சு போயிடும். அக்கா கையில ஒட்டிக்கிட்டது இது."

பவாஸ் அஜந்தனைப் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் பார்த்தார்.

"நீங்க செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் இங்க இல்ல சேர். அக்கா ஆஸ்பத்திரியில. சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்திச்சு." கிருஷ்ணகுமாரியின் குரல் அப்போதும் மாறவில்லை. "அஜந்தன், அந்த ரெண்டு பில்டரையும் எடுத்துட்டு வாங்க."

அவன் மறுப்பான் என்று பவாஸ் நினைத்தார். அவன் ஸ்டோர் அறைக்குப் போய், சாக்கில் சுற்றிய இரண்டு சின்ன பில்டர்களைக் கொண்டுவந்து வைத்தான். பின் விளிம்பில் மட்டும் புகை படிந்திருந்தது. மற்றபடி கண்ணாடிபோல் சுத்தம்.

மூன்று வாரத்துக்கு முன் பழைய தகரப் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததாம். மறுநாள் விருந்தினர் வருகிறார்கள். இரத்தினபுரிக் கடையில் புதுப் பைப் இல்லை. இரண்டு நாளைக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஹோஸை மாட்டினான். தகரப் பைப் அடுத்த வாரமே வந்துவிட்டது. ஆனால் ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள், சமையலறையை ஒரு நாள் நிறுத்த வழியில்லை, அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டான். சுப்பம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பிய அன்றே எரிந்ததைப் பிய்த்தெறிந்து புதுப் பைப்பை மாட்டி, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை கென்டீனில் கழித்துப் போட்ட பில்டரைக் கொண்டுவந்து வைத்தான். மனேஜர் திட்டுவார், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்ததாகவும், வேலை போகும் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னான்.

சுப்பம்மா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"என்னைய ஏத்திக்கிட்டுப் போகும்போதே இதான் காரணம்னு ஒனக்குத் தெரியுமா?"

அஜந்தன் தரையைப் பார்த்தான். "தெரியும் அக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தருமலிங்கம் கடிதத்தைக் கிழித்தார். அதிகாரி வந்ததும் நடந்ததைத் தானே சொல்வதாகவும், விசாரிக்காமல் எழுதியது தன் பிழை என்றும் கூறினார். அஜந்தனை என்ன செய்வது என்று அவர் பேச ஆரம்பித்தபோது சுப்பம்மா குறுக்கிட்டாள்.

"அது ஒங்க வேல, ஐயா. எனக்கு வேற ஒன்னு வேணும். லயத்துல மூனு நாளா என் பேர் நாறுது. நீங்க கடிதம் கிழிச்சது அங்க யாருக்கும் தெரியாது. இவன் வந்து சொல்லணும்."

அதிகாரி வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு போனபின் நான்கு மணிக்கு அவர்கள் லயத்துக்குப் புறப்பட்டார்கள். பின்சீட்டில் சுப்பம்மாவும் கிருஷ்ணகுமாரியும். அஜந்தன் வண்டியில் ஏறவில்லை; தூறலில் முன்னால் நடந்தான். பவாஸ் முதல் கியரிலேயே பின்னால் ஊர்ந்தார். வேறு நாளென்றால் பொறுமை இழந்து பத்துத் தடவை ஹோர்ன் அடித்திருப்பார்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் லயத்து வாசல்களில் நின்றிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு இறங்கிய சுப்பம்மாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அஜந்தன் நடுமுற்றத்தில் நின்றான். முதல் இரண்டு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை.

பவாஸ் எஞ்சினை நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.