ஜெயித்த நாளின் ஹாரன்

வலது கையால் தம்பியின் தொடையை இறுக்கிப் பிடித்தபடி, இடது கையால் ஹாரனை அழுத்தினாள் ரேலின்.

அழுத்தியவள் விடவில்லை. நீளமாக, ஓலம் போல, மூடுபனிக்குள் போய்க் கரைந்தது அந்தச் சத்தம்.

மரங்களுக்கு அப்பால், மேட்டிலிருந்த நெடுஞ்சாலையிலிருந்து உடனே பதில் வந்தது.

மூன்று குட்டை. ஒரு நெட்டை.

அடுத்து இன்னொரு கார். அதற்கடுத்து ஒரு லாரி. மூன்று குட்டை, ஒரு நெட்டை. கூடவே யாரோ சந்தோஷத்தில் ஊளையிட்டார்கள்.

"பாவிங்களா!" என்று கத்தினாள். "ஜெயிச்சதுக்கு அடிக்கலடா!"

பெல்டன் ஊரில் அது வழக்கம். கல்லூரி அணி ஜெயித்த சனிக்கிழமை யார் ஹாரன் அடித்தாலும், கேட்டவர்கள் எல்லாரும் பதிலுக்கு அடிக்க வேண்டும். அடிக்காமல் போனால் அடுத்த வாரம் அணி தோற்கும் என்று நம்புகிற ஊர். ரேலினும் நம்பியவள்தான். அரை மணி நேரம் முன்புவரை.

"அக்கா," என்றான் டூயி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஸ்கூல் பஸ்ஸை ஒரு கீறல் விழாம ஓட்டுவியே. தம்பி ஏறினதும் கொண்டு போய்ச் செருகிட்டியே."

"வாயை மூடு. பெல்ட்டை இறுக்கிப் பிடி. விட்டேன்னு வை, நானே கொன்னுடுவேன்."

"அதுக்கு வரிசையில நில்லு. கால் முந்திக்கும் போலிருக்கு."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நசுங்கிய முன்பக்கத்துக்கு அடியில் அவன் வலது கால் சிக்கியிருந்தது. தொடையில் கட்டிய இடுப்பு பெல்ட்டையும் மீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

குறுக்கு வழி அவன் சொன்னதுதான். மேட்ச் முடிந்த கூட்டத்தில் நெடுஞ்சாலையில் கார்கள் எறும்பாக ஊர, "ஓடைப் பக்கம் இறங்கு, வீட்டுக்குப் போய் விலா எலும்புக் கறியைச் சூடாத் தின்னலாம்" என்றான். இறங்கினாள். மாலை வெளிச்சம் மிச்சமிருந்தும் ஓடைச் சாலையில் பனி அடைத்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் வந்தாள். திடீரென்று எதிரே இரண்டு சிவப்பு விளக்குகள். வட்டமானவை. பழங்காலத்துக் காரின் பின்விளக்குகள். நடு ரோட்டில் அப்படியே நின்றன.

பிரேக்கை மிதித்தாள். ஈர இலைகள் வழுக்கின. சாலையோரத் தடுப்புக் கம்பியின் முனை, காரின் மூக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது.

தலையைத் தூக்கியபோது எதிரே எந்தக் காரும் இல்லை.

அதன் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாள். அபாய விளக்கை அமுக்கினாள், எரியவில்லை. முன்விளக்கும் இல்லை. கண்ணாடி இறங்க மறுத்தது. உள்ளே ஏதோ புளித்த நெடி மூக்கைக் குத்தியது. போனை எடுத்தால், தொண்ணூறாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற ஊரில் லைன் எங்கே கிடைக்கும்? பின்னால் வரும் வண்டி மோதிவிடக் கூடாதே என்று, ஜன்னலில் பறந்த அணியின் ஆரஞ்சுக் கொடியைப் பிடுங்கிப் போய் வளைவிலிருந்த மரக்கிளையில் கட்டிவிட்டு வந்தாள்.

இந்தக் காரில் உயிரோடு மிஞ்சியது ஹாரன் ஒன்றுதான். அதையாவது விட்டு வைத்தாரே கடவுள் என்று நினைத்துக்கொண்டாள்.

வளைவில் வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் தள்ளி ஓடினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினாள். "நிறுத்துங்க! தம்பி அடிபட்டுக் கிடக்கான்!"

பிக்கப் வண்டி. பின்பக்கத் தட்டில் நான்கைந்து பையன்கள். மரத்தில் கொடியைப் பார்த்ததுமே அவர்களுக்குக் குஷி வந்துவிட்டது.

"எங்க ஊரு கொடிடா!" என்றான் ஒருவன். "ஆன்ட்டி ஆடுறாங்க பாரு! ஆடுங்க ஆன்ட்டி!"

மூன்று குட்டை. ஒரு நெட்டை.

ஒரு காலி பியர் டப்பா அவள் காலடியில் வந்து உருண்டது. வண்டி போய்விட்டது.

பனி மறுபடி மூடிக்கொண்டது.

அப்போதுதான் அந்த இன்னொரு ஹாரனைக் கேட்டாள்.

நெடுஞ்சாலைப் பக்கமிருந்து அல்ல. கீழேயிருந்து. ஓடையிலிருந்து.

குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. இவள் அடித்தது போலவே அடித்தது. நீளமாக. ஓலமாக. தண்ணீர் புகுந்த தொண்டையிலிருந்து வருவது மாதிரி.

"டூயி, அந்தக் கார்! நம்ம முன்னாடி நின்னுச்சே, அது ஓடையில விழுந்திருக்கு!"

"போகாத அக்கா."

"ஆள் இருக்காங்கடா உள்ளே."

"போகாதேன்னு சொல்றேன்ல." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "நமக்கு முன்னாடி எந்தக் காரும் இல்ல. நான் ரோட்டைத்தான் பார்த்துட்டு இருந்தேன். நீ எதுக்குப் பிரேக் போட்டேன்னே எனக்கு இன்னும் தெரியல."

ரேலின் ஒரு கணம் நின்றாள். கீழே ஹாரன் கெஞ்சியது. இரத்தமும் சதையுமான யாரோ அங்கே முழுகிக்கொண்டிருந்தால்? அவர்களிடமாவது லைன் கிடைக்கிற போன் இருந்தால்?

தடுப்பைத் தாண்டி இறங்கினாள்.

போன் வெளிச்சத்தில் சேறு, நாணல், அழுகிய இலைகள். குளிர் கணுக்காலில் ஏறியது. ஓடையின் நடுவே, தண்ணீருக்கு அடியில், இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன.

காரின் வடிவம் இல்லை. விளக்குகள் மட்டும்.

ஹாரன் நின்றது.

தவளைகூடக் கத்தவில்லை.

அவள் காதுக்குப் பக்கத்தில், யாரோ களைத்துப்போன குரலில் கேட்டார்கள்.

"ஜெயிச்சிட்டோமா?"

நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது. "ஜெ... ஜெயிச்சிட்டோம்."

நீண்ட மூச்சு ஒன்று அவள் கன்னத்தில் ஈரமாகப் பட்டது.

"அப்ப யாரும் வர மாட்டாங்க."

விளக்குகள் அணைந்தன.

அதே நொடியில் மேலேயிருந்து ஹாரன் அலறியது. அவளுடைய கார்தான். இருபது வருடமாகக் கேட்ட அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரியாதா?

"அப்படித்தான் அக்கா!" டூயியின் குரல் தேய்ந்து வந்தது. "விடாத! அழுத்திட்டே இரு!"

அவள் ஓடையில் நின்றுகொண்டிருந்தாள்.

கைகளால் மண்ணைப் பிடித்து, முழங்கால் சிராய, மேலே ஏறினாள். கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. டூயி கண்களை மூடி, இரண்டு கைகளாலும் தொடைப் பெல்ட்டைப் பிடித்துக் கிடந்தான்.

ஸ்டியரிங் நடுவில், ஹாரன் ரப்பர் உள்ளே அமுங்கியிருந்தது.

யாரும் அமுக்காமல்.

தம்பியைப் பார்த்தாள். அவன் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. இந்தச் சத்தம் நின்றால் அவன் போய்விடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அமுங்கிய அந்த இடத்தில் தன் கையையும் வைத்தாள்.

ரப்பர் மேல் படவில்லை கை. அதற்கு முன்பே, சில்லென்று, எலும்பாக ஏதோ தட்டுப்பட்டது. இன்னொரு கையின் முதுகு.

அவள் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. வளைவில் மஞ்சள் விளக்கு சுழன்றது. இழுவை வண்டி. அது நின்ற கணமே ஹாரன் ஓய்ந்தது. சற்றுப் பொறுத்துத்தான், வளைவுப் பக்கமிருந்து, அந்த வண்டியை ஓட்டும் ஆர்லிஸ் கிழவர் டார்ச்சோடு ஓடி வந்தார்.

"எத்தனை பேரு தாயி?"

"தம்பி மட்டும். கால் மாட்டிக்கிச்சு ஐயா."

கடப்பாரையால் நெம்பிக் காலை எடுத்தார். பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். தன் வண்டியிலிருந்த ரேடியோவில் யாரையோ திட்டித் திட்டி, எதிர்த் தடத்திலேயே ஆம்புலன்ஸை வரவழைத்தார். டூயியை ஏற்றும்போது அவன் கண் திறந்தான். "கறி ஆறிப்போயிருக்கும்" என்றான். பிழைத்துக்கொள்வான் என்றாள் ஆம்புலன்ஸ் நர்ஸ். அப்போதுதான் ரேலின் அழுதாள்.

நசுங்கிய காரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் ஆர்லிஸ். ரேலின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலடியில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது.

"அது மேல கால் வைக்காத. அமிலம்" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார். "எல்லாரும் பதில் ஹாரன் அடிச்சிட்டுப் போயிருப்பானுங்களே?"

"ஆமா. நீங்க மட்டும் எப்படி ஐயா வந்தீங்க?"

"ஹோமர் டல்னு ஒருத்தன். கூட்டம் கலையறதுக்கு முன்னாடி வீடு போய்ச் சேரணும்னு, மேட்ச் முடியாமலே கிளம்பினான். இதே வளைவு. ஓடையில தலைகீழா விழுந்து, முழுகற வரைக்கும் ஹாரன் அடிச்சான். ஊரே கேட்டுச்சு. ஊரே பதில் அடிச்சுது." தொண்டையைச் செருமினார். "காரை நான்தான் வெளியே இழுத்தேன். அதுல இருந்து, ஜெயிச்ச நாள்ல எந்த ஹாரன் நீளமா அடிச்சாலும் போய்ப் பார்த்துடறது."

காதருகே பட்ட அந்த ஈர மூச்சு இன்னும் ரேலினின் கன்னத்தில் இருந்தது.

அப்போது பின்னால் ஹாரன் அடித்தது.

நீளமாக.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது. கொக்கியில் தொங்கிய அவள் கார் மட்டும் ஆடிக்கொண்டு வந்தது.

"ஐயா... வயர் எங்கேயாவது ஒட்டியிருக்கும். பேட்டரியைக் கழட்டிட்டீங்கல்ல?"

ஆர்லிஸ் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வளைவுல வண்டியை விட்டு இறங்கினதும் புல்லுல கால் தடுக்கிச்சு தாயி. குனிஞ்சு பார்த்தேன். மோதின வேகத்துல பிய்ச்சுக்கிட்டு வந்து விழுந்திருக்கு. அதை எடுத்து வச்சிட்டுத்தான் உன்கிட்ட வந்தேன்."

பின்னால் ஹாரன் நிற்கவில்லை.

"உன் காலடிச் சாக்குல இருக்கறது அதுதான்."