நாடி முப்பத்தாறு!

"ஐயோ... என்னங்க! கண்ணைத் தொறந்து பாருங்க!"

சோபாக் கடைக்குள்ளிருந்து வந்த அலறலில் தெருவே நின்றது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து அலுப்போடு இறங்கினார். இரண்டு நாளாகக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. ஓய்வு பெற ஆறே மாதம். அதற்குள் இன்னொரு பிணமா...?

தரையில் கடை முதலாளி. பக்கத்தில் தலையிலடித்துக்கொண்டு அவர் மனைவி. கையைப் பிசைந்தபடி அவள் தம்பி.

இன்ஸ்பெக்டர் குனிந்து மணிக்கட்டைத் தொட்டார்.

ஒரு துடிப்பு...

அடுத்தது வருவதற்குள் ஒரு கொட்டாவியே விட்டுவிடலாம்!

"உசிரு இருக்கும்மா! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரி.

"நாடி முப்பத்தாறு சார்" என்றாள் டாக்டர். "இதயத்துக்குத் தாளம் போட்டுக் குடுக்கற இடத்துக்கு சைனஸ் நோடுன்னு பேரு. இவருக்கு அது தூங்கி வழியுது. அதான் அசதி, தலைசுத்தல், மயக்கம்."

"எனக்கும் அதே வியாதிதான் போலிருக்கே!"

"நீங்க ஒரு நாள் தூங்கினா சரியாயிடும். இவர் கதை வேற. ரத்தத்துல துடிப்பைக் குறைக்கற மாத்திரை இருக்கு... அப்படி ஒண்ணை இவருக்கு யாரும் எழுதியே குடுக்கல!"

இன்ஸ்பெக்டரின் தூக்கம் பறந்தது.

கட்டிலிலிருந்து முதலாளி முனகினார். "வயசாயிடுச்சுன்னு நினைச்சேன் சார்... எனக்கு மாத்திரை கலக்கற ஆள் வீட்டுலயே இருக்கா? பிடிச்சிடுங்க. இல்லேன்னா திரும்பிப் போய் நான் பிழைக்க மாட்டேன்."

கடை.

"அவருக்கு டீ யாரும்மா போடறது?"

"நான்தான் சார்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. "ஆனா... தம்பிதான் கொண்டு போய்க் குடுப்பான்."

"அக்கா! பழியை என் தலையில போடறியா?"

இருவரும் கத்த ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கால் கடுத்தது. பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பக்கத்திலிருந்த சோபாவில் பொத்தென்று உட்காரப் போனார்.

"சார்! அதுல உக்காராதீங்க!" மைத்துனன் பாய்ந்து வந்தான். "அது... டெலிவரிக்கு ரெடி!"

உட்கார்ந்தே விட்டார்.

சரக்...!

எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

சரக்...!

"பஞ்சு பேசுமா தம்பி?"

சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தார். காலி மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று கொட்டின!

"இந்தக் கடையில சோபா தைக்கறது யாரும்மா?"

அவள் தம்பியையே வெறித்துப் பார்த்தாள்.

அவன் தரையில் சரிந்தான். "குப்பையில போட்டா அக்கா பார்த்துடுவா... சோபாவோட ஊர் தாண்டிப் போயிடும்னு..."

"ஏண்டா?"

"மாமா இருக்கற வரைக்கும் நான் வெறும் தையல்காரன்தானே சார்!"

பளார்! அறைந்தது அக்கா. "கூடப் பொறந்தே குழி பறிச்சுட்டியேடா!"

நாலு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மாத்திரையை நிறுத்தியாச்சே டாக்டர். நாடி எகிறியிருக்குமே?"

அவள் தலையை ஆட்டினாள். "மாத்திரை சுத்தமா இறங்கிடுச்சு. துடிப்பு ஏறல. நடுநடுவுல நின்னு நின்னு வேற போகுது. இவரோட சைனஸ் நோடு நிஜமாவே பழுது சார்!"

"என்னது!"

"ரொம்ப நாளா உள்ளுக்குள்ள இருந்திருக்கு. மாத்திரை அதைக் காட்டிக் குடுத்துடுச்சு."

முதலாளிக்குக் கண் கலங்கியது. "அப்ப நான் அவ்வளவுதானா?"

"யார் சொன்னா? தோள்பட்டைக்குக் கீழ சின்னதா ஒரு பேஸ்மேக்கர். துடிப்பு தாமதமானா அது தட்டி எழுப்பும். வேற வியாதி இல்லேன்னா மத்தவங்க மாதிரியே வாழலாம். கண்டுபிடிக்காம விட்டிருந்தாதான், என்னைக்காவது மாடிப்படியில மயங்கி விழுந்து..."

"அடப் பாவமே!" இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "கொல்ல வந்தவனே காப்பாத்திட்டானா!"

முதலாளி சிரிக்கப் பார்த்தார். களைப்பில் பாதிதான் வந்தது.

"அந்த பேஸ்மேக்கருக்கு ஆயுசு எவ்வளவு டாக்டர்?"

"பேட்டரி பத்து வருஷம் தாராளமா வரும். அப்புறம் மாத்திக்கலாம்."

"என் மச்சினனுக்கு எத்தனை வருஷம் சார் கிடைக்கும்?"

"ஒரு ஏழு."

முதலாளி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லிடுங்க சார்... அவன் வெளிய வரும்போது, எனக்கு இன்னும் மூணு வருஷம் சார்ஜ் பாக்கி இருக்கும்னு!"