முகர்வாசலுக்கு இந்தப் பக்கம்

காலையில் எழுந்ததும் பெர்னதெத் செய்கிற முதல் வேலை, வாயைத் திறந்து சுவருக்குக் காட்டுவது. சமையலறைச் சுவரில் பதித்த கண்ணாடியும் அவளுடைய மேல்வாயில் ஒட்டியிருக்கும் அண்ணச் சில்லும் ஒரு கணம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பிறகு பச்சை விளக்கு எரியும். கீழே ஒரு சிறு கதவு திறந்து கிண்ணத்தில் அன்றைய கூழ்மம் வந்து நிற்கும். சாம்பல் நிறம். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, நாற்றம்கூட இல்லை. நாற்றம் இருந்தாலாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டலாம்.

அன்றும் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தாள். தொண்டை மூடிக்கொண்டது. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பழைய தூத்துக்குடியின் பாதித் தெருக்கள் இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. ஊர் தூண்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. வீட்டுப் படிக்கட்டில் படகு பஸ் வந்து நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பையன்கள் இறங்கி ஓடினார்கள். அவளைத் தேடி யாரும் இறங்கவில்லை.

மார்பில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து இப்படித்தான். வைத்தியத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரத்தத்தில் மிதக்கும் நுண்காவலர்கள், ஊரார் பேச்சில் 'நானோ', கட்டியை ஓயாமல் வேவு பார்த்து, அந்தந்த நேரத்துக்கு வேண்டிய மருந்தை உடம்புக்குள்ளேயே காய்ச்சிக் கொடுக்கின்றன. முடி கொட்டுவதில்லை. வாந்தி இல்லை. இந்த நோயில் ஆள் சாவது அபூர்வமாகிவிட்டது. ஆனால் நுண்காவலர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தங்களுக்குத் தெரியாத எதுவும் உள்ளே வரக்கூடாது. மஞ்சள் மாத்திரை, கருஞ்சீரக எண்ணெய், காளான் பொடி, கிரீன் டீ சாறு, எதுவானாலும் சரி, ஒரு துளி போனால் போதும், காய்ச்சுவதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் கட்டி தன் வேலையைப் பார்த்துவிடும்.

அதனால்தான் முகர்வாசல் வந்தது. நோயாளி இருக்கும் வீட்டின் வாசல்நிலையில் பொருத்துகிற மெல்லிய சட்டம். நாயெல்லாம் அதன் மூக்கிடம் பிச்சை வாங்க வேண்டும். வருகிறவர் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் சீரகத்தைக்கூட மோந்து பிடித்து ஊரைக் கூட்டும். அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியபோது யாரும் முணுமுணுக்கவில்லை. உயிர் பிழைக்கிற காரியத்துக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? ஆனால் இத்தனை பெரிய மூளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை. நம் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகத் தெரியாது. எதையும் கொண்டுபோகக் கூடாது என்றதும் போவதையே விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது பெர்னதெத் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்போது வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு புட்டி, ஒரு பொட்டலம். "இதைச் சாப்பிட்டுத்தான் எங்க மச்சினிக்குக் கட்டி கரைஞ்சுச்சு, கண்ணை மூடிட்டுக் குடி." அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். எதை விழுங்கினாள், எதை அலமாரியில் போட்டாள் என்று டாக்டருக்கும் தெரியாது. டாக்டரிடம் சொல்லவும் மாட்டாள், திட்டுவார் என்று பயம். சிலது நல்லது செய்திருக்கலாம். சிலது மருந்தின் காலை வாரிவிட்டிருக்கலாம். யார் கண்டது?

அக்கா எமரன்சி மட்டும் அப்போதே கெட்டிக்காரி. அம்மாவுக்கு வருகிற எதுவாக இருந்தாலும் முதலில் தன் வாயில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பாள். கசப்பில் முகம் அஷ்டகோணலாகும். "ம்… சாவ மாட்ட, குடி" என்று நீட்டுவாள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. அம்மா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பெர்னதெத்தின் மனசில் நிற்பது புட்டிகள் அல்ல. கட்டிலில் இடமில்லாமல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆட்கள். அந்த நெரிசலுக்கு அவள் இப்போது ஏங்கினாள். யாராவது வந்து கட்டிலை ஒரு பக்கம் அமுக்க மாட்டார்களா என்று ஏங்கினாள்.

எமரன்சி ஒருமுறை வரத்தான் வந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை மேய்க்கிற பெரிய உத்தியோகம். அவள் ஒரு சத்தம் போட்டால் கப்பல் நகரும். ஆனால் தங்கைக்குப் பூண்டும் மஞ்சளும் போட்டுக் கிண்டிய லேகியத்தை இடுப்பில் ஒளித்துக்கொண்டு வந்தவளை முகர்வாசல் நிலையிலேயே பிடித்துக்கொண்டது. சைரன் அலறியது. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. லேகியம் குப்பைக் குழாய்க்குள் போனது. எமரன்சி முகம் சிவந்து, உள்ளே கால் வைக்காமலே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் மட்டும்தான். கப்பல் வந்திருக்கு, முட்டு வலிக்கு, அடுத்த வாரம் வாரேன். அடுத்த வாரம் வரவே இல்லை.

உச்சி வேளையில் டாக்டர் சபூரா கண்ணாடியில் தோன்றினார். சின்ன வயசு, ஆனால் விஷயம் தெரிந்த பெண்.

"கூழ்மத்தைத் தொடவே இல்லையேம்மா. இப்படியே போனா நுண்காவலருக்குக் காய்ச்சத் தெம்பு இருக்காது. வைத்தியத்தையே நிறுத்துற மாதிரி ஆயிடும்."

"எறங்க மாட்டேங்கு டாக்டர்."

"குமட்டுதா? வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. எதுத்தாப்புல ஒரு ஆள் உக்காந்து, 'தின்னுட்டி'ன்னு ஒரு அதட்டு போட்டா எறங்கும்."

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

"நெறைய பேர் இதையேதான் சொல்றாங்க. கட்டி கரையுது, ஆளும் கூடவே கரையுறாங்க. நான் ஒண்ணு செய்யப் போறேன். உங்ககிட்ட மறைக்க எனக்குச் சட்டத்துல இடமில்ல, அதனால சொல்லிடுறேன். 'துணைக் குளிகை'ன்னு ஒண்ணு எழுதித் தாரேன். மருந்தோட சேர்த்துச் சாப்பிடுற சத்துக் குளிகை மாதிரியே இருக்கும். உள்ள ஒண்ணும் கிடையாது. வெறும் உறை. முகர்வாசல் விட்டுடும். ஒரே ஒரு நிபந்தனை. டிரோன்ல அனுப்ப முடியாது. சொந்தக்காரங்க யாராவது கடையில வாங்கி, கையில எடுத்துட்டு வந்து கொடுக்கணும்."

"அவங்ககிட்ட வெத்துன்னு சொல்லுவீங்களா?"

"யாராவது கேட்டா சொல்லுவேன்" என்றார் டாக்டர். "நம்ம ஊர்ல மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு யாரும்மா கேக்குறாங்க?"

அன்று சாயந்திரமே பெர்னதெத் அக்காவுக்குப் போன் போட்டு, குளிகை வாங்கி வரச் சொன்னாள். மறுநாள் படகு பஸ் நின்றபோது படிக்கட்டில் கனமான காலடி கேட்டது. பெர்னதெத் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். எமரன்சி நிலைக்கு வெளியே நின்று, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, காதைப் பொத்திக்கொண்டாள்.

"எக்கா…"

"சும்மா இருட்டி. இந்தச் சனியன் கத்துமோன்னு எனக்கு ஈரக்குல நடுங்குது."

சனியன் கத்தவில்லை. எமரன்சி மறுகாலையும் உள்ளே வைத்தாள். சட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "என்னடே, இன்னிக்கு வாயடைச்சுப் போச்சா?" என்று ஒரு நக்கல் விட்டாள். பிறகு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. பெர்னதெத் அந்தப் பள்ளத்தில் சரிந்து அக்காவின் தோளில் போய் முட்டிக்கொண்டாள், நிமிரவில்லை.

"சரி சரி, அழாத. பெரிய சரக்காம்லா இது. எங்கெல்லாமோ அலைஞ்சு வாங்கிட்டு வாரேன்." கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. எமரன்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஊதா நிறக் குளிகை. "ஆனா வெறும் வயித்துல குடுக்கவே கூடாதாம். மொதல்ல அந்தக் கிண்ணத்த வழிச்சுத் தின்னு. முழுசும்."

டாக்டர் அப்படி எதையும் சொல்லவில்லையே என்று பெர்னதெத்துக்குத் தோன்றியது. அக்காவின் வழக்கமான அதிகாரம் என்று விட்டுவிட்டாள். ஒரு கரண்டி வைத்தாள். தொண்டை மூடப் பார்த்தது.

"தின்னுட்டி!"

இறங்கியது. அந்தச் சாம்பல் சனியன், உப்பில்லாத, ஒன்றுமில்லாத கூழ்மம், அமிர்தம் மாதிரி இறங்கியது. கடைசியில் குளிகையையும் விழுங்கினாள். அக்கா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எமரன்சி தினமும் வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். உப்புநீர் ஆலையில் பெர்னதெத்துடன் வேலை பார்த்த கஸ்பார், தான் சித்தப்பா முறை என்று சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் பாட்டுக்குழுப் பெண்கள் கும்பலாக வந்து கட்டிலை நெரித்தார்கள். எல்லார் கையிலும் ஒரு ஊதாக் குளிகை, எல்லார் வாயிலும் ஒரு கதை. இது ஜப்பான் கண்டுபிடிப்பு என்றாள் ஒருத்தி. இல்லை, கடற்பாசியில் எடுத்தது என்றாள் இன்னொருத்தி. பெர்னதெத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை பேரையும் ஒரு வெற்று உறையைக் காட்டி ஏமாற்றிக் கூட்டி வைத்திருக்கிறோமே. குட்டு வெளிப்பட்டால் அக்கா இந்தப் படி ஏறுவாளா?

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் டாக்டர் சபூரா முகமெல்லாம் பல்லாகத் தோன்றினார்.

"கட்டி இருந்த எடமே தெரியலம்மா! நாளைக்கு முகர்வாசலைக் கழட்டிடுவாங்க, சில்லையும் எடுத்துடலாம். கூழ்மம் வேண்டாம், குளிகையும் வேண்டாம். இனி நீங்க யாரோ, நான் யாரோ."

சந்தோஷத்தில் துள்ள வேண்டியவள்தான். ஆனால் பெர்னதெத்தின் கண் ஜன்னலுக்குப் போனது. அம்மா பிழைத்திருந்தால், குணமான அடுத்த நாள் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தாள். குளிகை நின்றால் அக்கா எதற்கு வருவாள்? மறுபடியும் ஜன்னல், மறுபடியும் படகு பஸ். பொய்யைத் தொடரலாம், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொல்ல மனசு வரவில்லை.

எமரன்சி வந்து கட்டிலை அமுக்கினாள். செய்தியைக் கேட்டதும் தங்கையின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மாதாவுக்கு நன்றி சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு, பழக்க தோஷம், உள்ளங்கையை விரித்தாள். ஊதாக் குளிகை இருந்தது.

"எக்கா, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் உறை. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். ஆளு வரணும்னு டாக்டரும் நானும் சேந்து செஞ்சது. நீ வரணும்னுதான்க்கா…"

எமரன்சி குளிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதச் சொல்லவா இம்புட்டு இழுத்த? வாங்குன அன்னைக்கே கடை வாசல்ல ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டேன்லா. உள்ள வெறும் காத்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டாக்டரம்மாவ அங்கனயே நாலு கேட்டிருப்பேன்."

"பெறகு, சாப்பிட்டப்புறம்தான் குடுக்கணும்னு சொன்னது?"

"அது நான் போட்ட சட்டம்."

பெர்னதெத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெத்துன்னு தெரிஞ்சுமா தெனமும் கொண்டாந்த?"

எமரன்சி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற பார்வை.

"பின்ன? வெறுங்கையோட எப்படிட்டி வாரது?"