மிதவையில் மூன்று தட்டு

வெனிஸ்லாவின் அடுக்களைச் சுவரில் மூச்சொலிப் பெட்டி மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் கயிறுகளில் தொங்கும் சாட்சிச் சிப்பிகள் ஓடு திறந்து மூடும் ஓசை அது. ஒவ்வொரு ஓட்டிலும் அரிசிமுனையளவு காந்தம் ஒட்டியிருந்தது. ஆயிரம் சிப்பிகளின் அசைவும் ஒன்றுசேர்ந்து, பக்கத்தில் யாரோ ஆழ்ந்து தூங்குவதுபோல ஊரின் எல்லா வீடுகளுக்கும் வந்தது.

ஆறு கொண்டுவரும் ஈயமும் காட்மியமும் சிப்பியின் சதையில் மாதக்கணக்காகச் சேரும். நீரில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு, சதையில் நஞ்சாகிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் இறுக மூடிக்கொள்ளும்படி சாட்சிச் சிப்பிகள் வளர்க்கப்பட்டிருந்தன. மூச்சு கேட்டால் பாறைச் சிப்பியைத் தின்னலாம். நின்றுவிட்டால் தொடக்கூடாது.

சென்ற ஆண்டு மூச்சு அடிக்கடி நின்றது. சிப்பி தின்ன முடியவில்லை என்று ஒருவரும் வருந்தவில்லை. தூங்க முடியவில்லை என்றுதான் முறையிட்டார்கள். வெனிஸ்லாவும் முறையிட்டாள். அந்த அமைதியில், திரும்பாத படகுக்காகக் காத்திருந்த இரவுகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. குறை சரிசெய்யப்பட்டது என்று கண்காணிப்பு நிலையம் அறிவித்தது. அதன்பின் மூச்சு நிற்கவேயில்லை.

"எக்கா, சிப்பிக்கறி வாசனை ஆளைத் தூக்குது. வெந்துட்டா இல்லியா?" அடுக்களை வாசலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த தங்கை லூர்தா கேட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"பொறுடி. தேங்காப்பால் இப்பதான் ஊத்தியிருக்கேன்."

"எனக்கில்ல, உள்ள கிடக்கவனுக்கு. பெரியம்மா பெரிய கஞ்சப் பிசிநாறின்னு உதைக்கான்."

வெனிஸ்லா சிரித்தாள். அப்போது பெட்டிக்குள் கேட்டது. டொக், டொக். சற்று இடைவெளி. டொக்.

அவள் கை தானாக அரிசிப் பானைக்குள் போனது.

கரை திரும்பும் படகுக்காரர்கள் போகிறபோக்கில் சிப்பிக் கயிற்றின் மிதவையைத் துடுப்பால் தட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டும் விதம் வேறு. அது பெட்டியில் கேட்டதும் அந்த வீட்டில் உலை ஏறும். இரண்டு தட்டிவிட்டு, மறந்துபோனதுபோல் மூன்றாவதைத் தட்டுவது ஜெரோன். அவள் கணவன். அவனும் படகும் கடலுக்குள் போய்த் திரும்பாமல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஈர அரிசி விரல்களில் ஒட்டியிருந்தது. இது கடலின் ஓசை இல்லை. நிலையம் எப்போதோ பதிந்து வைத்து இப்போது ஓடவிடும் பழைய மூச்சு. அப்படியென்றால் இப்போது கயிறுகளில் சிப்பிகள் மூடிக் கிடக்கின்றன. எத்தனை நாளாகவோ.

நிலையத்தின் கதவைத் தட்டி உண்மையைக் கேட்கலாம். உடனே பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

பதிவென்றால் அது திரும்ப வரும். ஜெரோன் திரும்ப வருவான்.

அவள் கறிச்சட்டியைத் துணிபிடித்து இறக்கினாள். பின்வாசலுக்குக் கொண்டுபோய் மணலில் குழி தோண்டிக் கவிழ்த்தாள். தேங்காய்ப்பாலை மணல் குடித்தது. ஆரஞ்சு நிறச் சதைகள் மேலே கிடந்தன. காலால் மூடினாள்.

"எக்கா! உனக்கென்ன கிறுக்கா?" லூர்தா சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள்.

"கெட்டுப்போச்சி."

"காலம்பற பறிச்ச சிப்பியா?"

"சொன்னா கேளு. பிள்ளை பெறுறவரைக்கும் நீ சிப்பியே தொடாத."

லூர்தா பெட்டியைப் பார்த்தாள். அது நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு செல்மாவின் தலை எழும்பியது. அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "எக்கா, உங்க வீட்டு மணம் எங்க வீட்டுல வந்து அடிக்கி. இதுவ ரெண்டும் சிப்பி வேணும்னு ஒரே அழுகை. இன்னைக்கு வாங்கலாமா?"

வெனிஸ்லா வாயைத் திறந்தாள். உள்ளே பெட்டியில் ஓடுகள் திறந்தன, மூடின, திறந்தன.

"மூச்சு கேக்குதுல்லா" என்றாள்.

செல்மா தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளோடு போனாள். லூர்தா வயிற்றின்மேல் கைவைத்தபடி அக்காவின் முகத்தையே பார்த்தாள். வெனிஸ்லா அவளைத் தாண்டி உள்ளே போய், பெட்டியின் ஒலியைச் சற்றே கூட்டினாள். பிறகு உலை வைத்தாள்.