ஏழரை அங்குலத்தில் ஒரு பொய்!

“ஐயோ... வெட்டிப் போட்டுட்டாங்களே!”

விமலாவின் அலறலில் சிட்னியின் கெல்லிவில் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைக்க மறந்து உட்கார்ந்தது.

மாடியில் வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த கணவர் வெங்கட்ராமன், தடதடவெனப் படியிறங்கி ஓடிவந்தார்.

சமையலறை மேடை.

மேடைமேல் பலகை.

பலகைமேல் வரிசையாகக் கிடந்தன... மூன்று உடல்கள்!

மூன்றும் பச்சை. ஒன்று குட்டை. ஒன்று நடுத்தரம். ஒன்று நீளம்.

முருங்கைக்காய்கள்!

“ஃப்ரெஷ் முருங்கைக்காய்ங்க! இந்த ஊர்ல எங்க போனாலும் ஃப்ரோசன்தான். கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தேன். சாம்பாருக்கு இப்படியா நறுக்குவாங்க? யார் பண்ணின வேலை இது?”

வெங்கட்ராமன் மௌனமானார்.

சாதாரண மௌனம் அல்ல. உள்ளே இறங்கிப் போனால் திரும்பி வர வழி தெரியாத மௌனம்.

“நான்தான்...” என்றார் கடைசியில். “அளவு பார்த்தேன்.”

“எதுக்கு அளவு?”

“ரிவால்வருக்கு.”

விமலா தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வெங்கட்ராமன் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். கௌபாய்த் தொப்பி, பூட்ஸ் சகிதம் பழைய காலத்து ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ ரிவால்வரால் சுடும் கிளப். ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் பின்பக்கம் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். ஞாயிறானால் அவர் கிளப்புக்குப் போவார். விமலா பஜனைக்குப் போவாள்.

லைசென்ஸ் வாங்கியாயிற்று. தொப்பி வாங்கியாயிற்று.

ரிவால்வர் மட்டும் வாங்கவில்லை!

காரணம்... குழலின் நீளம். நாலே முக்கால் அங்குலமா, ஐந்தரையா, ஏழரையா? குட்டைக் குழல் உறையிலிருந்து சட்டென்று வரும், குறி தப்பும். நீளக் குழலில் குறி நிற்கும், ஆனால் அதை உருவி முடிப்பதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டே போய்விடுவான்!

எட்டு மாதமாக யோசிக்கிறார்.

“கடையில பொம்மைத் துப்பாக்கி வாங்கி அளந்து பார்க்கறதுதானே?”

“இங்க பொம்மைத் துப்பாக்கிக்கும் பெர்மிட் வேணும் விமலா. முருங்கைக்காய்க்கு வேண்டாம்.”

“எதையாவது வாங்கித் தொலைங்க. ஆனா அந்த ஏழரை மட்டும் வேண்டவே வேண்டாம்! ஏழரைச் சனியைக் காசு குடுத்து, பெட்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வர்றதா? வெளியில அந்த நம்பரைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருக்கேன். ஞாபகம் இருக்கா?”

“யார்கிட்டயும் சொல்லலைம்மா...”

அவர் குரல் ஏனோ பாதியில் உள்வாங்கியது.

டிங்... டாங்!

வாசலில் ஓர் இளம்பெண். கறுப்புக் கோட். கையில் போலீஸ் அடையாள அட்டை!

“வணக்கம் அங்கிள். நான் மயூரா. பொலிஸ் டிடெக்டிவ். உள்ளுக்க வரலாமோ?”

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு சிட்னியில் பிறந்த பெண். சிரித்தபடியே வந்தாள். ஆனால், கண்கள் சிரிக்கவில்லை.

“நேற்று மத்தியானம் செவன் ஹில்ஸில இரத்தினசிங்கம் அங்கிளின்ர நகைக்கடையில களவு போயிட்டுது. தங்க ஒட்டியாணம். நாகேஸ்வரி அன்ரியின்ர மகளுக்கு வாற சனிக்கிழமை அரங்கேற்றம். அதுக்கெண்டு ஓடர் குடுத்துச் செய்தது.”

“அடப்பாவமே!”

“கள்ளன் கௌபாய்த் தொப்பி போட்டவன். முகத்தை மறைச்சு லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, கட்டினவன். கையில ஒரு பழைய மாடல் ரிவால்வர். அதின்ர குழல்...”

மயூரா நிறுத்தினாள்.

“...ஏழரை இஞ்ச்!”

டங்ங்!

விமலாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து சுழன்றது.

“ஏழரைன்னு காதுல விழுந்தாலே அவளுக்கு இப்படித்தான்,” என்றார் வெங்கட்ராமன் அவசரமாக.

“அங்கிள், சிட்னித் தமிழாக்களில கௌபாய்த் தொப்பி வச்சிருக்கிறது நீங்கள் ஒராள்தான். எந்தப் பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனாலும் சுடுற துவக்குக் கதைதான் கதைக்கிறீங்களாம். விசாரிச்ச ஆக்கள் எல்லாரும் உங்கட பேரைத்தான் சொல்லுகினம். துவக்கு எங்க?”

“நான் இன்னும் வாங்கவே இல்லம்மா!”

“லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம் ஆச்சுதே?”

“நீளம் முடிவாகலை!”

மயூரா அவரை உற்றுப் பார்த்தாள்.

“எத்தனையோ கள்ளரைப் பாத்திருக்கிறன் அங்கிள். இப்பிடி ஒரு சாட்டு ஒருத்தரும் சொன்னதில்ல.”

“நம்பும்மா,” என்றாள் விமலா. “மிக்ஸி வாங்கவே ரெண்டு வருஷம் யோசிச்ச மனுஷன். எங்க வீட்ல சட்னி அரைக்காமலே தீபாவளி வந்து போச்சு.”

“சரி, நேற்று மத்தியானம் எங்க நிண்டனீங்கள்?”

“வீட்லதான். ஆபீஸ் மீட்டிங்.”

“கமராவில முகம் தெரிஞ்சதோ?”

“ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்...”

“கதைச்சனீங்களோ?”

“மியூட்...”

வெங்கட்ராமனின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஒரு கேஸ் பதிவானால் போதும். லைசென்ஸ் போய்விடும். வங்கியில் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். வேலையும் போய்விடும்!

“அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ அங்கிள். கடைக்குப் போவம்.”

அவர் தொப்பி தேடி மாடிக்கு ஓடினார்.

“அன்ரி... பாத்ரூம் எங்க இருக்கு?” மயூராவின் குரல் கீழே கேட்டது.

“வாம்மா, காட்றேன்.”

தொப்பி கிடைக்கச் சற்று நேரமானது. அவர் இறங்கி வந்தபோது இரு பெண்களும் அப்போதுதான் கூடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மயூராவின் உதட்டோரம் புதிதாக ஒரு சிரிப்பு. விமலா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெங்கட்ராமன் மூன்று முருங்கைக்காய்களையும் வாரிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்கிட்ட இருக்கிற ஆயுதம் மொத்தமே இவ்வளவுதான். சாட்சிக்கு இருக்கட்டும்!”

*

செவன் ஹில்ஸ்.

நகைக்கடையில் நாற்காலியில் சாய்ந்திருந்த இரத்தினசிங்கம், வாசலில் கௌபாய்த் தொப்பியைக் கண்டதும் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“இவரோ அங்கிள் வந்த கள்ளன்?”

“தெரியேல்ல பிள்ளை... முகம் மூடியிருந்தது... ஓமெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது...”

“அப்ப நடந்ததை முதல்ல இருந்து ஒருக்காச் சொல்லுங்கோ.”

இரத்தினசிங்கம் நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

“நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான். அவன் வந்தான். வெறுங்கை. இடுப்பில உறை இல்ல, தோளில பை இல்ல. சங்கிலி பாக்கிற மாதிரிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தான். பிறகு டக்கெண்டு களிசான் பொக்கற்றுக்குள்ள இருந்து துவக்கை இழுத்தான்! ஏழரை இஞ்ச் குழல்! ‘எடு ஒட்டியாணத்தை’ எண்டான்... குடுத்திட்டன்.”

“களிசான்னா?” என்றார் வெங்கட்ராமன்.

“பேண்ட் அங்கிள்.”

வெங்கட்ராமன் மௌனமானார்.

விமலாவுக்கு அந்த மௌனம் பழக்கம்தான். மிக்ஸி கடையில் பார்த்த மௌனம், டைல்ஸ் கடையில் பார்த்த மௌனம். ஆனால் இன்றைக்கு அதற்குள்ளே ஏதோ ஒன்று அசைந்தது... நிமிர்ந்தது... எழுந்து நின்றது!

வெங்கட்ராமன் சிரித்தார்.

“பேண்ட் பாக்கெட்டா? பேண்ட் பாக்கெட்டிலிருந்தா எடுத்தான்?”

“ஓம்...”

“டக்குனு?”

“ஓம் எண்டுறன்...”

“மயூராம்மா, இங்க பாரு! குழல் மட்டும்தான் ஏழரை அங்குலம். அதுக்குப் பின்னாடி குண்டு போடற உருளை, சுத்தியல், பிடி எல்லாம் இருக்கு. மொத்தம் பதிமூணு அங்குலம்! இந்த நீள முருங்கைக்காய் அதே அளவுதான். நானே நறுக்கினது. இப்பப் பாரு!”

முருங்கைக்காயைத் தன் பேண்ட் பாக்கெட்டில் செருகினார்.

பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. மீதி, இடுப்புக்கு மேலே கொடிக்கம்பம் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

“இப்ப நான் குனிஞ்சு சங்கிலி பார்க்கறேன்...”

குனிந்தார்.

“ஆ...ஹ்!”

முருங்கைக்காய் அடிவயிற்றில் குத்தியது. அப்படியே நிமிர்ந்து, வலது கையால் டக்கென்று உருவினார். வரவில்லை. இரண்டு கையாலும் உருவினார். பாக்கெட்டின் உள்துணி வெளியே வந்தது. முருங்கைக்காய் வரவில்லை. ஒற்றைக் காலில் நின்று, கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுப் பிடித்து இழுத்தார்.

படக்!

பாதி கையில். பாதி பாக்கெட்டில்.

“போச்சு! அதுவும் போச்சு!” என்று அலறினாள் விமலா. “இனிமே சாம்பாருக்கு நான் எங்க போவேன்?”

“இது வெறும் காய்! நிஜத் துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல கனம். பாக்கெட்டில போட்டா துப்பாக்கிக்கு முன்னாடி பேண்ட்தான் வெளிய வரும்! இந்த ஒரு பிரச்சினையாலதானே நான் எட்டு மாசமா தூக்கம் இல்லாம கிடக்கேன்!”

மயூரா மெதுவாக இரத்தினசிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், ஏழரை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கள்ளன் நிக்கேக்க அளந்து பாத்தனீங்களோ?”

இரத்தினசிங்கத்தின் முகம் வெளிறியது.

“அதை நான் சொல்றேன்!” வெங்கட்ராமன் முருங்கைக்காய்த் துண்டை அவரை நோக்கி நீட்டினார். “பார்ட்டியில எல்லாருக்கும் தெரிஞ்சது நாலே முக்காலும் ஐந்தரையும்தான். விமலாவுக்குப் பயந்து ஏழரையை நான் வாய் திறந்து சொன்னதே இல்ல. ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும்தான் ரகசியமா சொன்னேன். மோதிரம் ரிப்பேர் பண்ண வந்தப்ப... இதே கடையில... இவர்கிட்ட!”

“சத்தியம் பண்ணிட்டு சொன்னீங்களா?” என்றாள் விமலா.

“அதை வீட்ல போய்ப் பேசலாம்மா...”

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

மேசைமேல் இரத்தினசிங்கத்தின் போன் அலறியது. திரையில் பெயர்... நாகேஸ்வரி!

இரத்தினசிங்கம் மேசைக்கு அடியில் இருந்தார். எப்போது போனார் என்று ஒருவருக்கும் தெரியாது.

“எடுக்காதை பிள்ளை! கடவுளாணை எடுக்காதை! நான் எல்லாத்தையும் சொல்லுறன்!”

“சொல்லுங்கோ.”

“கள்ளனும் இல்ல, களவும் இல்ல! போன வருசம் எடுத்த அளவுக்கு ஒட்டியாணத்தைச் செய்துபோட்டன். போன கிழமைதான் நாகேஸ்வரி புது அளவு அனுப்பினவ. பிள்ளை வளந்திட்டாள். ஒட்டியாணம் ஒரு சாண் குறையுது! சனிக்கிழமை அரங்கேற்றம். இதை நாகேஸ்வரியிட்ட ஆர் சொல்லுறது? துவக்கோட ஒருத்தன் வந்தாக்கூடப் பரவாயில்லை எண்டு நினைச்சன்... நினைச்ச கையோட அதையே பொலிசுக்குச் சொல்லிப்போட்டன்!”

“அதுக்கு ஏன் சார் என்னை மாட்டிவிட்டீங்க?”

“உங்களை மாட்டோணும் எண்டு இல்ல தம்பி! துவக்கைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும் எனக்குத் தெரிஞ்சது நீங்கள் சொன்னது மட்டும்தான். அண்டைக்கு என்னைக் கடை பூட்டவும் விடாமல் நீளத்தைப் பற்றியே கதைச்சீங்கள். பொக்கற்றுக்குள்ள போகாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ?”

“அதுக்குள்ள நீங்க லைட்டை அணைச்சிட்டீங்க!”

“ஒட்டியாணம் எங்க?” என்றாள் மயூரா.

“பின்னால குசினியில. பிட்டு அவிக்கிற குழலுக்குள்ள.”

“அந்தக் குழல் எத்தனை இஞ்ச் அங்கிள்?”

போன் நின்றது. மறுபடி அலறியது.

மயூரா அதை எடுத்து மேசைக்கு அடியில் நீட்டினாள்.

“பொய் முறைப்பாட்டுக்கு ஸ்டேசனில வந்து பதில் சொல்லலாம். முதல்ல இதுக்குச் சொல்லுங்கோ.”

“என்னை அரஸ்ட் பண்ணு பிள்ளை! இப்பவே பண்ணு! பின் கதவால கொண்டு போ!”

*

கார் நிறுத்துமிடம்.

இளம் வெயில். வெங்கட்ராமன் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பாக்கெட்டில் பாதி முருங்கைக்காய் இருந்தது.

“விமலா, முடிவு பண்ணிட்டேன்! ஐந்தரை! இன்னிக்கே பெர்மிட்டுக்கு எழுதிப் போடறேன்... ஆனா நாலே முக்காலையும் ஒரு தடவை...”

“அங்கிள்,” என்றாள் மயூரா, கார்க் கதவில் சாய்ந்தபடி. “உங்கட பேரில துவக்கு இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும். பதிவைப் பாத்திட்டுத்தான் வந்தனான்.”

“அப்புறம் ஏம்மா என்னை இந்தப் பாடு படுத்தினே?”

“உங்கட பேரில இல்ல. ஆனா உங்கட வீட்டு விலாசத்தில ஒண்டு இருக்கு. சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். குழல்...” அவள் புன்னகைத்தாள். “ஏழரை இஞ்ச்!”

ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. கௌபாய்த் தொப்பி மட்டும் அசையவே இல்லை.

வெங்கட்ராமன் மெல்ல... மிக மெல்லத் திரும்பினார்.

விமலா ஹேண்ட்பேகில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் தொப்பி தேடேக்க அன்ரி எனக்குக் காட்டினவ. சுவரோட பூட்டின இரும்புப் பெட்டி, தனிச் சாவி. துவக்கு இருக்கவேண்டிய இடத்தில இருக்கு. அன்ரியின்ர லைசென்சும் வலு சுத்தம். நான் போட்டு வாறன்!”

மயூராவின் கார் கிளம்பிப் போனது.

“வி... விமலா... ஞாயித்துக்கிழமை பஜனை?”

“வேற கிளப். போன மாசம் ரெண்டாவது பரிசு.”

“பெட்டி எங்க இருக்கு?”

“வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி. நீங்க கனவுல கூட எட்டிப் பார்க்காத இடம்.”

“ஏழரை வேண்டவே வேண்டாம்னியே! சத்தியம் வேற வாங்கினியே!”

“நீங்களும் அதையே வாங்கினா, என்னுதைத் தொட்டுப் பார்க்கணும், தூக்கிப் பார்க்கணும், அளந்து பார்க்கணும்னு உயிரை எடுப்பீங்க.”

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“குழல் நீளம்... நீ எத்தனை நாள் யோசிச்சே?”

“பத்து நிமிஷம். அதுலயும் அஞ்சு நிமிஷம் பார்க்கிங் தேடினது.”

“ஏழரைன்னு ஒரு பயம் கூடவா இல்ல உனக்கு?”

விமலா கார்க் கதவைத் திறந்தாள். அவர் பாக்கெட்டிலிருந்த பாதி முருங்கைக்காயை டக்கென்று, ஒரே இழுப்பில், உருவினாள்.

“எனக்கென்னங்க புதுசா பயம்? கல்யாணத்தன்னிக்கு என்னைப் பிடிச்ச ஏழரை... இன்னும் எந்தக் குழல் வாங்கறதுன்னு யோசிச்சிட்டுல்ல நிக்குது!”