கொச்சிக்குப் பறந்த சின்னவர்

1995 ஜூன், சனிக்கிழமை காலை எட்டு மணி. பீளமேட்டில் மில் முதலாளி வெங்கடபதியின் மனைவி பங்காரம்மா பீரோவைத் திறந்தாள். முந்தாநாள் ராத்திரி கழற்றி வைத்த வைர அட்டிகை இல்லை. அதன் காலிப் பெட்டி கார் டிக்கியில் கிடந்தது. டிரைவர் ரசாக் முந்தின நாள் முழுக்க வேலைக்கு வந்திருக்கவில்லை. அதற்குமேல் யோசிக்கும் பழக்கம் அந்த வீட்டுக்குக் கிடையாது. பத்து மணிக்கு ரசாக் கையில் விலங்கு.

"நேத்து நான் பிளேன்ல கொச்சிக்குப் போயிருந்தனுங்க," என்றான். கூடமே சிரித்தது.

"சின்னவருதானுங்க அவரு டிக்கெட்டக் குடுத்து அனுப்புனாரு. அங்க புதுக் கார் வரும், ஓட்டிட்டு வான்னாரு. ஒருத்தரும் வரலீங்க. பஸ்ஸுல திரும்பி வந்து, டிக்கெட் துண்டை அவருகிட்டயே குடுத்துட்டனுங்க."

சின்னவர் என்பது பங்காரம்மாவின் அண்ணன் மகன் சசிதர். அவன் போர்டிங் கார்டுத் துண்டை மேசையில் வீசினான். "பேரைப் படிங்க. கொச்சிக்குப் போனது நான். இவன் மூஞ்சிக்கு பிளேன் ஒண்ணுதான் கொறச்சல்!"

"பேரு இருக்குதுங்க. மூஞ்சியப் போடலீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர் ஐயாசாமி. ரசாக்கை ஜீப்புக்கு அனுப்பிவிட்டு, சசிதரிடம் பணிவாகக் கேட்டார்: "நமக்கு பிளேன் யோகமில்லீங்க. கொச்சிக்குப் போனது எப்படிங்க இருந்துச்சு?"

"மாசம் ரெண்டு தடவ மெட்ராசுக்குப் பறக்கறவன் நான். புதுசா என்ன இருக்கு? இட்லி குடுத்தாங்க, சாப்பிட்டேன். பேப்பர் முழுக்கப் படிச்சேன். ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா கொச்சி."

ஐயாசாமி ஜீப்புக்குப் போனார். "பிளேன்ல என்னடா தின்னே?"

"ஒரே ஒரு மிட்டாயுங்க. அது வாயில கரையறதுக்குள்ள எறக்கிப்போட்டாங்க. பயத்துல பெல்ட்டக்கூட அவுக்கலீங்க."

ஐயாசாமி கூடத்துக்குத் திரும்பி, விமான நிலையத்துக்குப் போன் செய்தார். பிறகு ரசாக்கை வரவழைத்து விலங்கைக் கழற்றினார்.

"அட்டிகைய எங்க வெச்சிருக்கீங்க, சின்னவரே?"

சசிதர் முறைத்தான்.

"மெட்ராசுக்கு ஒரு மணி நேரம். இட்லியும் வரும், தூக்கமும் வரும். கொச்சி இங்கிருந்து நேர்தூரத்துல நூத்தம்பது கிலோமீட்டர்கூட இல்லீங்க. ஏறுனதும் எறக்கம், மொத்தம் அரை மணி நேரம். அதுல மிட்டாய் மட்டுந்தான் குடுப்பாங்களாம், இப்பத்தான் கேட்டேன். நீங்க அந்தப் பிளேன்ல ஏறவே இல்ல. டிரைவரை உங்க பேருல பறக்கவிட்டுப்போட்டு, நேத்துப் பூரா இந்த ஊர்லயே இருந்து, அட்டிகைய எடுத்துக்கிட்டுக் காலிப் பெட்டிய டிக்கில போட்டீங்க. அத்தனை ஜோடிச்சவரு, எவ்வளவு நேரம் பறக்குமுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களே! டிரைவர் போற தூரத்தப் பத்தி உங்களுக்கு என்ன அக்கறை?"

சசிதரின் சத்தம் ஒடுங்கியது. "மில் கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கு, அத்தை."

பங்காரம்மா அவனைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத் தேய்த்தபடி நின்ற ரசாக்கைப் பார்த்தாள்.

"சரி, ஆனது ஆச்சு. வண்டிய எடு, கோயிலுக்குப் போகோணும்."

"ஆட்டோ புடிச்சுப் போயிக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டு ரசாக் வெளியே நடந்தான்.